கீழிருந்து வந்த மூன்று எழுத்து

தன்னாமுனைக் கனகசிங்கம் பத்தொன்பது வருசம் என்ன வேலை பார்த்தான் என்று அவன் பெண்சாதி மங்கையற்கரசிக்கே ஒழுங்காகச் சொல்ல வராது. "ஓமான்ல, எண்ணெய்க் கிணத்துல" என்பாள். அதற்கு மேல் துருவினால், "கீழ என்ன நடக்குதெண்டு மேல இருந்து பாக்கிற வேல" என்று முடித்துவிடுவாள். ஊரில் பாதிப் பேர், ஆள் வாளி கட்டி எண்ணெய் அள்ளுகிறான் என்றே நம்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு கலியாண வீட்டில் ஒருவர், "கயிறு எத்தின பாகம் தம்பி?" என்று வேறு கேட்டாராம்.

லீவில் வரும்போது யாராவது இப்படிக் கேட்டால், கனகசிங்கம் ஆளைக் கையோடு கொல்லைக்குக் கூட்டிப் போவான். தண்ணீர் மோட்டரைப் போடுவான். மோட்டருக்குப் பக்கத்தில் ரப்பர்க் குழாயை அவர் கையில் கொடுத்துவிட்டு, தான் அதன் மறு நுனிக்குப் போய் விரலால் நெரித்து நெரித்து விடுவான்.

"கையில துடிக்குதா?"

"ஓம், துடிக்குது."

"அவ்வளவுதான் என்ட வேல. அந்தத் துடிப்ப எண்ணுற."

பகிடியில்லை, உண்மையில் அதுதான் வேலை. பாலைவனத்து மண்ணுக்குள் மூன்று கிலோமீற்றர் ஆழத்தில் துளைக்கும் அலகுக்குப் பின்னால் ஒரு அளக்கும் கருவி போகும். அது எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது, எவ்வளவு கொதிக்கிறது, சுற்றியிருப்பது என்ன பாறை, எல்லாம் அதற்குத் தெரியும். மேலே இருப்பவர்களுக்குத்தான் ஒன்றும் தெரியாது. குழாய்க்குள் பம்பு சேற்றை அடித்துக்கொண்டே இருக்கும். கருவியில் இருக்கும் சின்ன வால்வு அந்தச் சேற்றின் ஓட்டத்தை ஒரு நெரி நெரிக்கும். அந்த நெரிப்பு மூன்று கிலோமீற்றர் சேற்றினூடே ஏறி வந்து மேலே உள்ள மானியில் ஒரு துடிப்பாகத் தட்டும். துடிப்புகளைக் கோத்தால் எண். எண்ணைப் பார்த்துத்தான் அடுத்த அடி துளைப்பார்கள். இதைக் கண்டுபிடித்தவர் யாரென்று கனகசிங்கத்துக்குத் தெரியாது. "ஆரோ ஒரு மகராசன்" என்பான். இப்போது குழாய்க்குள்ளேயே கம்பி ஓடவிட்டும், கண்ணாடி இழை ஓடவிட்டும் எல்லாவற்றையும் நொடியில் மேலே கொண்டுவந்துவிடுகிறார்களாம். அவன் இருந்த இடத்துக்கு அந்தச் சொகுசு வரவில்லை. ஒரு எண் ஏறிவர ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். அதுவரை பொறுமையாக உட்கார்ந்திருக்க வேண்டும்.

கருவிக்கு ஒரு பழக்கம் உண்டு. பம்பு நின்றால் தூங்கும், பம்பு ஓடினால் விழிக்கும். விழித்த உடனே எண்ணைச் சொல்லாது. முதலில் ஒரு நீட்டுத் துடிப்பு, பிறகு மூன்று கட்டைத் துடிப்பு. நான் இருக்கிறேன், எண்ண ஆயத்தமாகு என்று அதற்கு அர்த்தம். கீழிருந்து வருவதைக் கேட்பவன் கனகசிங்கம். கீழே ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் பம்பை ஒரு கணக்காகக் கூட்டிக் குறைக்க வேண்டும்; அதைச் செய்பவன் காத்தான்குடிச் சாலிஹ். பாலைவனத்தில் ஒரே கட்டடத்தில், ஒரே சமையலில், பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இருவரும் தங்கள் தலை நரைக்கும்வரை இருந்தார்கள்.

கனகசிங்கத்துக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. பம்பின் இரைச்சலில் சில வேளை எண் பாதியில் அறுந்துவிடும். ஒருமுறை அப்படி அறுந்தபோது மேலதிகாரி அவசரப்படுத்தினார்: குத்துமதிப்பாக ஒன்றைப் போடு, எல்லாரும் நிற்கிறோம். கனகசிங்கம் மாட்டேன் என்றுவிட்டான். நான்கு மணி நேரம் அத்தனை பேரும் சும்மா நின்றார்கள். கேட்காத பேச்செல்லாம் கேட்டான். அன்று பின்னேரம் சாலிஹ் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்து, "ஒரு நம்பரத் தட்டிவிட்டாத்தான் என்னடா?" என்றான். "பாதி நம்பர் நம்பரில்ல மச்சான். அத வெச்சு ஓட்டுறதுக்கு, கண்ணக் கட்டிட்டு ஓட்டலாம்" என்றான் கனகசிங்கம். பத்தொன்பது வருசத்தில் வராத எண்ணை வந்ததாக அவன் ஒருநாளும் எழுதியதில்லை. பெருமை பேசாத மனுசன், இந்த ஒரு விசயத்தில் மட்டும் கொஞ்சம் பேசுவான்.

போன மார்கழியில் இருவரும் ஒன்றாகக் கணக்கு முடித்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார்கள். சாலிஹ் காத்தான்குடியில் மகனின் புடவைக் கடையில் உட்கார்ந்தான். கனகசிங்கம் வாவிக்கரையில் இருந்த வீட்டில் வேலி கட்டினான், கூரை மாற்றினான், பிறகு அவன் கண் அந்தக் கிணற்றில் விழுந்தது.

மங்கையற்கரசியின் சீதனக் காணிக் கிணறு அது. மூன்று வருசத்துக்கு முந்திய வெள்ளத்தில் வாவி ஏறி உள்ளே வந்து, செத்த ஆடும் சருகும் சேறுமாக நிரப்பிவிட்டுப் போனது. வீட்டுக்குக் குழாய்த் தண்ணீரும் வந்துவிட்டதால் மேலே கொங்கிரீட் பலகையைப் போட்டு மூடிவிட்டார்கள். மாசியில் ஒரு பின்னேரம் கனகசிங்கம் தனியாக அலவாங்கால் அந்தப் பலகையை ஒரு முழம் நெம்பித் தள்ளிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தான். அழுகிய முட்டை மணம் முகத்தில் அடித்தது. இரண்டு மூச்சு விட்டிருப்பான். மணம் சட்டென்று நின்றுபோயிற்று.

அந்த நொடியில் அவன் பின்னால் பாய்ந்த பாய்ச்சலைப் பார்த்திருந்தால் பைத்தியம் என்றிருப்பீர்கள். எண்ணெய்க் கிணறுகளில் வருசா வருசம் இதற்கென்றே ஒரு வகுப்பு வைப்பார்கள். நிலத்துக்குள் ஒரு நஞ்சு வாயு இருக்கிறது. எச் டூ எஸ் என்பார்கள். மணந்தால் ஓடு, மணம் நின்றால் இன்னும் வேகமாக ஓடு என்பதுதான் அந்த வகுப்பின் முதல் பாடம். ஏனென்றால் அது முதலில் கொல்வது மூக்கைத்தான். மூக்கு செத்த பிறகு, வாயு போய்விட்டது என்று நினைத்து நிற்பவன் அப்படியே விழுவான். மூச்சை அடக்கிக்கொண்டு காற்றுக்கு எதிர்ப்பக்கமாக வந்து, பலகையைக் காலால் உதைத்து மூடிவிட்டு வந்தான் கனகசிங்கம். வீட்டில் சொல்ல வேண்டும் என்று நினைத்தான். மகள் கம்சாயினி வந்தாறுமூலைக் கம்பஸில் சோதனை எழுதி முடித்து அன்றுதான் வந்திருந்தாள். வீடு கலகலவென்று இருந்தது. விடியச் சொல்லுவம் என்று படுத்தான்.

விடியக் குளியலறையில் விழுந்தான். கிணற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பிரஷர் குளிசையை ஒழுங்காகப் போடாததால் தலைக்குள் இரத்தம் அடைத்துவிட்டது என்றார் ஆஸ்பத்திரி டொக்டர். "காது கேக்கும், அறிவும் இரிக்கும். உடம்புக்குப் போற வழிதான் அடைபட்டிட்டு" என்றார். கையில்லை, காலில்லை, நாக்கில்லை. மூக்கினூடே சாப்பாட்டுக் குழாய். மிஞ்சியது இரண்டு இமையும், மேலும் கீழும் பார்க்கும் பார்வையும்.

அந்த இமையை வைத்துக் கனகசிங்கம் என்ன செய்தான் தெரியுமா? ஒரு நீட்டு, மூன்று கட்டை. ஒரு நீட்டு, மூன்று கட்டை. ஆஸ்பத்திரியில் செய்தான், வீட்டுக்கு வந்தபின்னும் செய்தான். யார் கட்டிலுக்குக் கிட்ட வந்தாலும் செய்தான். பார்த்தவர்கள், "பாவம், கண் துடிக்குது" என்றார்கள். மங்கையற்கரசி டொக்டரிடம் கேட்டுக் கண்ணுக்கு மருந்து வாங்கி ஒரு நாளைக்கு நாலு தரம் விட்டாள். மருந்து விழுந்து கண் எரியும். எரிச்சல் அடங்கியதும் மறுபடி தொடங்குவான். மயக்கம் தெளிந்த நாளிலிருந்து நாற்பது நாளைக்கு மேல் அப்படியே கிடந்து, கேட்க ஆளில்லாமல், நான் இருக்கிறேன், நான் இருக்கிறேன் என்று தட்டிக்கொண்டிருந்தான்.

சாலிஹ் இதற்குள் இரண்டு தரம் ஆஸ்பத்திரிக்கு வந்தவன்தான். இரண்டு தரமும் கனகசிங்கம் மயக்கத்தில் கிடந்தான். வைகாசியில், ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், வீட்டுக்கு வந்தான். கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பாலைவனத்துக் கதைகளாகச் சொல்லிச் சொல்லி அழுதான். அழுதுகொண்டே முகத்தைப் பார்த்தவன் கதையை நடுவில் நிறுத்தினான். குனிந்து இன்னும் கிட்டப் பார்த்தான்.

"யா அல்லாஹ்," என்றான். "தங்கச்சி! இஞ்ச ஓடி வாங்க. இவன் கதைக்கிறான்!"

மங்கையற்கரசி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். அவளுடைய தம்பி திவாகரனும் வந்தான்; அக்காவுக்கு உதவியாக அவன் அந்த நாட்களில் அங்கேதான் கிடந்தான். சாலிஹ் சுவரில் தொங்கிய கலண்டரில் ஒரு தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் எழுத்துகளை வரிசை வரிசையாக எழுதினான். க வரிசை, ச வரிசை, ண வரிசை என்று ஒவ்வொன்றாக விரல் வைத்து வருவான். வேண்டிய வரிசை வந்ததும் கனகசிங்கம் நீட்டி ஒருமுறை இமைக்க வேண்டும். பிறகு அந்த வரிசைக்குள் க, கா, கி என்று போவான். மறுபடி ஒரு நீட்டு இமைப்பு. நீட்டு இமைப்பு வந்தால் ஓம். ஒருவரிடமும் கேட்காமல், நின்ற நிலையில் சாலிஹ் கண்டுபிடித்த வித்தை அது. நல்ல வித்தைதான். ஒரே ஒரு குறை. 'இல்லை' என்பதற்கு ஒரு அடையாளம் வைக்க மறந்துபோனான். எண்ணெய்க் கிணற்றுக் கருவி எண்ணை மட்டும்தான் சொல்லும், இல்லை என்று ஒருநாளும் சொல்லாது; அந்தப் பழக்கத்தில் வந்த மறதி.

முதல் எழுத்துக்கே கால் மணித்தியாலம் போயிற்று. கண் காய்ந்து தானாகவும் இமைக்கும். சாலிஹ் அதை எண்ணிவிட்டுப் பிழை என்று கண்டு திரும்பத் தொடங்குவான். கி வந்தது. ண வந்தது. று வந்தது. மங்கையற்கரசி வாய்விட்டு, "கிணறு!" என்றாள். அதோடு கனகசிங்கத்தின் இமைகள் கல்லாகிவிட்டன. தூக்கப் பார்த்தான், தூக்க முடியவில்லை. நாற்பது நாள் காத்திருந்து கிடைத்த வழி, அடுத்த சொல்லுக்கு முன் அடைத்துக்கொண்டது.

"களைச்சுப் போயித்தான்," என்றான் சாலிஹ். "விடுங்க, தூங்கட்டும். நாளைக்கு மத்தியானம் லுகர் தொழுதிட்டு வாறன், மிச்சத்தக் கேப்பம். அதுவரைக்கும் ஒண்டும் செய்யாதீங்க. இவன்ட குணம் எனக்குத் தெரியும், பாதியில எதையும் எடுக்க விடமாட்டான்."

சொல்லிவிட்டுத்தான் போனான். ஆனால் மங்கையற்கரசிக்கு அது பாதியாகப் படவில்லை, முழுசாகவே விளங்கிவிட்டது. அந்த ஊரில் யாரிடம் கேட்டிருந்தாலும் அப்படித்தான் விளங்கியிருக்கும். கண்ணகி அம்மன் கோயில் கதவு திறந்தாயிற்று. அடுத்த திங்கள் அம்மாளைக் குளிர வைக்கும் திருக்குளிர்த்திச் சடங்கு. அம்மாளின் குளிர்த்திக்கு அந்த வளவுக் கிணற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர் போவது தாய்வழி வழக்கம். கிணறு மூடிய நாளிலிருந்து மூன்று வருசமாகத் தண்ணீர் போகவில்லை. மூன்றாம் வருசம் அவள் புருசன் விழுந்தான். விழுந்தவன் வாய் திறந்ததும் சொன்ன முதல் சொல் கிணறு. இதற்கு மேல் என்ன வேண்டும்?

"அம்மாள்தான் இவர்ர கண்ணுக்குள்ளால சொல்லுறா," என்று அவள் நெஞ்சில் கைவைத்து அழுதாள். திவாகரன் நல்ல பிள்ளை. "நீ அழாத அக்கா. நாளைக்கே மோட்டர் கொண்டு வாறன். தண்ணிய இறைச்சுப் போட்டு, நானே இறங்கிச் சேத்த அள்ளுறன்" என்றான்.

கனகசிங்கம் கண் திறந்தபோது பொழுது பட்டிருந்தது. மங்கையற்கரசி முகத்தருகே குனிந்து, "கிணத்த இறைக்கச் சொல்லித்தானே சொன்னீங்க? அம்மாளுக்குத் தண்ணி குடுக்கத்தானே?" என்றாள்.

அவனுக்கு இல்லை என்று சொல்ல ஒரே வழிதான் இருந்தது: இமைக்காமல் இருப்பது. கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டான். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். மின்விசிறிக் காற்று நேரே கண்ணில் அடித்தது. கண் எரிந்தது, நீர் கட்டியது, விளக்கு இரண்டாகத் தெரிந்தது. திற, திற என்று தன்னையே கெஞ்சினான். இமை அவன் பேச்சைக் கேளாமல் தானாகவே விழுந்து, மெல்லத் திறந்தது. நீட்டு இமைப்பு.

"ஓம் எண்டுறார்!" என்றாள் மங்கையற்கரசி. விழுந்த பிறகு அவளை இத்தனை சந்தோசமாக அவன் பார்த்ததேயில்லை.

புதன்கிழமை ஒன்பது மணிக்கு மோட்டர் வந்தது. யன்னல் வழியாகக் கனகசிங்கத்துக்குக் கூரையின் ஓரமும் ஒரு முருங்கைக் கொப்பும்தான் தெரியும், கிணறு தெரியாது. ஆனால் காது இருந்ததே. பலகையை இழுக்கும் சத்தம் கேட்டது. "என்ன மணம் இது, வாவி மணக்கிற மாதிரி" என்று திவாகரன் சொல்வது கேட்டது. பிறகு மோட்டர் ஓடத் தொடங்கியது. பத்தொன்பது வருசம் பம்புச் சத்தத்துக்குள் வாழ்ந்த மனுசனுக்கு அதன் ஒவ்வொரு மாற்றமும் தெரியும். இப்போது தண்ணீர் தாராளமாக வருகிறது. இப்போது சேறு கலக்கிறது. சேறு கலங்கக் கலங்க உள்ளே அடங்கிக் கிடந்தது எல்லாம் மேலே வரும். அது அவனுக்குத் தெரியும், வேறு ஒருவருக்கும் தெரியாது.

பதினொரு மணிக்குக் கம்சாயினி கஞ்சித் தண்ணீரோடு வந்தாள். அம்மா போனில் கோல் எடுத்து நல்ல செய்தி சொன்னதால் காலையில்தான் வந்தாறுமூலையிலிருந்து வந்திருந்தாள். கனகசிங்கம் சுவரில் குத்தியிருந்த எழுத்துத் தாளை நோக்கிக் கண்ணை மேலே மேலே தூக்கினான். கெட்டிக்காரப் பிள்ளை, பிடித்துக்கொண்டாள். கிண்ணத்தை வைத்துவிட்டுத் தாளை எடுத்து, "சரி அப்பா, நான் கேக்கிறன். க வரிசையா?" என்று தொடங்கினாள்.

இ அவனுக்கு வேண்டும். உயிரெழுத்துகள் தாளின் அடியில் இருந்தன. இறங்காதே: நடுவில் வரும் மெய்யெழுத்தோடு சேர்த்து ஐந்து எழுத்துக்கும் எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் பார்த்தான். அந்த நேரத்தில் வெளியே மோட்டர் காற்றை உறிஞ்சி இருமத் தொடங்கியது. தண்ணீர் முடிந்துவிட்டது. மோட்டர் நின்றது.

"அக்கா, மணமும் நிண்டு போயித்து," என்று திவாகரன் கத்தினான். "கயித்தப் பிடி, இறங்கப் போறன்."

கம்சாயினி ம வரிசையில் விரல் வைத்திருந்தாள்.

மணம் நிற்கவில்லை, திவாகரனின் மூக்கு நின்றுவிட்டது. இது கனகசிங்கத்துக்கு இடிபோல விளங்கியது. எழுத்துக்கு நேரமில்லை. கத்த வாயில்லை, எறியக் கையில்லை. அவனிடம் இருந்தது இமை ஒன்றுதான். அவன் கண்ணை மூடினான். மூடி, திறக்காமல் வைத்துக்கொண்டான்.

"அப்பா?" என்றாள் கம்சாயினி. "அப்பா, ய வரிசையா? அப்பா!" தோளைப் பிடித்து உலுக்கினாள். கன்னத்தில் தட்டினாள். அவன் திறக்கவில்லை. பிள்ளையின் குரல் உடைந்தது. "அம்மா! அப்பா கண் திறக்கிறாரில்ல! அம்மா, ஓடி வாங்க! மாமா!"

கயிறு விழும் சத்தம் கேட்டது. மங்கையற்கரசி குழறிக்கொண்டு ஓடி வந்தாள். அவளுக்குப் பின்னால் கனத்த காலடி. ஒன்று, இரண்டு, படியேறி, உள்ளே. "அத்தான்! அத்தான்!" என்று திவாகரன் காலைப் பிடித்துக்கொண்டான். அவன் கை சேறாக இருந்தது. உயிரோடு இருந்தது.

இனித்தான் கொடுமை. கண்ணைத் திறந்தால் என்ன நடக்கும்? எல்லாரும் அம்மாளே என்று கும்பிட்டுவிட்டு, திவாகரன் திரும்பப் போய் இறங்குவான். சாலிஹ் வர இன்னும் இரண்டரை மணித்தியாலம். அதுவரை மூடியபடியே கிடக்க வேண்டும். மூச்சு மெல்லியதாகத்தான் போய்க்கொண்டிருந்தது; அது சாகிற மூச்சு என்று அவர்கள் நினைத்தார்கள். கோல் எடுத்துக் கேட்டபோது டொக்டர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரச் சொன்னார். பக்கத்து வீட்டு அன்னப்பூரணி அக்கா வந்து பார்த்துவிட்டு, "வழியில போற சீவன வீட்டில போக விடுங்க புள்ள" என்றாள். பஞ்சில் பால் நனைத்து உதட்டில் வைத்தார்கள். மகள் அவன் நெஞ்சில் முகத்தைப் புதைத்து, "நான் பிழையா வாசிச்சிட்டனா அப்பா? கண்ணத் திறங்க, நான் திரும்ப வாசிக்கிறன்" என்று விம்மினாள். கனகசிங்கம் மூன்று கிலோமீற்றர் கீழே கிடந்தான். மேலே எல்லாச் சத்தமும் கேட்டது. ஒன்றுக்கும் பதில் சொல்ல முடியவில்லை.

நடுவில் ஒருமுறை அறை வெறுமையாயிற்று. திவாகரன் வாசலில் நின்று சொந்தக்காரருக்குக் கோல் எடுத்தான். கம்சாயினியை அன்னப்பூரணி வெளியே கூட்டிப் போனாள். மங்கையற்கரசி மட்டும் கட்டிலில் உட்கார்ந்து, புருசன் காதோடு வாயை வைத்தாள்.

"போறதெண்டா போங்க," என்றாள் மெல்ல. "எங்களப் பத்தி யோசியாதீங்க. புள்ளய நான் பாத்துக்குவன்." பிறகு இன்னும் மெல்ல, "எனக்கும் ஏலாமப் போயித்துங்க. விடிய ஒழும்பி உங்கட மூச்சப் பாக்கிறன். இரிக்கு எண்டு கண்டா நெஞ்சில கல்லு ஏத்தின மாதிரி இரிக்கு. பாவி நான். இத ஆரிட்டச் சொல்ல? நிம்மதியாப் போங்க" என்றாள்.

கண்ணைத் திறக்க வேண்டும் போலிருந்தது அவனுக்கு. திறந்து என்ன சொல்ல? பலகை இன்னும் திறந்துதான் கிடக்கிறது. அவன் மூடியே இருந்தான். இமையின் ஓரத்தால் கண்ணீர் மட்டும் கசிந்து காதுப்பக்கம் ஓடியது. அதை அடக்க அவனுக்கு வழி தெரியவில்லை. மங்கையற்கரசி முந்தானையால் துடைத்தாள். துடைத்த கை நடுவில் அப்படியே நின்றது.

ஒன்றரை மணிக்குச் சாலிஹின் மோட்டர்சைக்கிள் வேலியோரம் வந்து நின்றது. அவன் உள்ளே வரவில்லை. வெளியே நின்றபடியே போட்ட சத்தம் வாவியின் அக்கரைக்குக் கேட்டிருக்கும். "ஆருடா இதத் திறந்த? கீழ ஆரும் இறங்கினீங்களா? திவாகரன் எங்க? திவாகரன்!" திவாகரன் வாசலுக்கு ஓடி, "இஞ்சதான் இரிக்கிறன் சாலிஹ் காக்கா" என்றான். சாலிஹ் மூக்கைப் பொத்திக்கொண்டு சுற்றி வந்து அவன் சட்டையைப் பிடித்து வீட்டுக்குள் தள்ளினான்.

கனகசிங்கம் கண்ணைத் திறந்தான்.

சாலிஹ் அவனைப் பார்த்தான், சுற்றி அழுதுகொண்டிருந்தவர்களைப் பார்த்தான், தரையில் கிடந்த எழுத்துத் தாளைப் பார்த்தான். அதை எடுத்து உட்கார்ந்தான். "நேத்து விட்ட இடத்திலிருந்து சொல்லு மச்சான்" என்றான். முழுவதும் வந்து முடிய முக்கால் மணித்தியாலம் ஆயிற்று. இறங்காதே. அந்தச் சொல்லைக் கேட்டதும், மணம் நின்றுவிட்டதென்று கயிற்றில் காலை வைத்த திவாகரன் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். சாலிஹ் அவனைத் திட்டவில்லை. தன் தலையில்தான் அடித்துக்கொண்டான். "இல்லை எண்டதுக்கு ஒரு அடையாளம் வெக்காமப் போனனே, மடையன்!" என்று சொல்லி, அந்த இடத்திலேயே வைத்தான்: ஒரு நீட்டு இமைப்பு ஓம், இரண்டு கட்டை இமைப்பு இல்லை. பிறகு காற்றுப் பார்த்துப் போய்க் கிணற்றைச் சுற்றித் தூரத்தில் கயிறு கட்டிவிட்டு, ஐந்து மணிக்குப் போனான். அன்னப்பூரணி அக்காவும் போனாள். கம்சாயினி தகப்பனின் கால்மாட்டில் அழுத களைப்பில் தூங்கிப்போனாள்.

மங்கையற்கரசி கஞ்சி விட்டாள். குழாயைக் கழுவினாள். கண்ணுக்கு மருந்து விடவில்லை. இனி வேண்டாம் என்று போத்தலைத் தூக்கி அலுமாரியில் வைத்தாள். அன்று பின்னேரம் முழுவதும் அவன் முகத்தை நேரே பார்க்காமலே எல்லாம் செய்தாள். கடைசியில் செய்ய ஒன்றுமில்லாமல் போனபோது கட்டிலில் வந்து உட்கார்ந்தாள்.

"மத்தியானம்," என்றாள். நிறுத்தினாள். "மத்தியானம் நான் உங்கட காதுக்குள்ள ஒண்டு சொன்னன். அது கேட்டதா?"

இப்போது அவனைப் பார்த்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. அவள் மயிரில் நரை எவ்வளவு ஏறிவிட்டது என்று அவன் அப்போதுதான் கண்டான். பாலைவனத்தில் நான்கு மணித்தியாலம் அத்தனை பேரையும் நிற்க வைத்த கனகசிங்கம், வராததை வந்தது என்றும் வந்ததை வரவில்லை என்றும் ஒருநாளும் எழுதாத கனகசிங்கம், இரண்டு தரம் கட்டையாக இமைத்தான்.

அவள் இன்னும் ஒருமுறை கேட்டாள். அவன் இன்னும் ஒருமுறை இரண்டு தரம் இமைத்தான்.